கடலோரத்தில் ஒரு சிற்றரண்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோமப் பேரரசின் வட எல்லை என்றதும் ஹேட்ரியன் சுவரே முதலில் நினைவுக்கு வரும். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-இல் பிரிட்டனுக்கு வந்ததையொட்டி எழுந்த அந்தச் சுவர், மேற்கே சால்வே கழிமுகக் கரையிலுள்ள பௌனஸ் என்னும் ஊரோடு முடிகிறது. ஆனால் காவல் அங்கே முடியவில்லை. நீர் வற்றும் வேளையில் கழிமுகத்தின் குறுகலான பகுதிகளைக் கால்நடையாகவே கடக்கலாம். படகு இருந்தால், சுவரின் பக்கமே போகாமல் அதற்குப் பின்புறம் தெற்கே கரையேறிவிடலாம். எனவே இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியக் கடற்கரை நெடுக, ஏறத்தாழ ஒரு ரோம மைலுக்கு, அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு சிற்றரணும், இரண்டு சிற்றரண்களுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்களும் அமைத்தார்கள். இங்கே தொடர்ச்சியான கற்சுவர் இல்லை; கடலே சுவர்.

அந்த வரிசையில் 21-ஆம் எண் பெற்றது, அதே கரையிலுள்ள மேரிபோர்ட் என்னும் ஊருக்கு வடக்கே சுவார்த்தி ஹில் என்னும் குன்றின்மேல் இருக்கிறது. 1990, 1991 ஆண்டுகளில் அகழாய்வு செய்து அதன் உள்பகுதியை வெளிக்கொணர்ந்தார்கள். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி எழுப்பிய மதில், வெளியே அகழி, கடலை நோக்கி ஒரு வாயில், நிலத்தை நோக்கி ஒரு வாயில், இரண்டையும் இணைக்கும் நேர்பாதை, அதன் இருபுறமும் மரக்கட்டடங்கள்: இவ்வளவுதான் அந்த அரண். ஒரு சிலரே தங்கக்கூடிய அந்த இடத்தில் அடுப்புகளின் தடயங்களும் கிடைத்தன. அவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். பகைவரை எதிர்த்து நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும் கோட்டையல்ல இது. முறைவைத்துக் கடலைக் கண்காணித்தவர்கள் சமைத்து உண்டு உறங்கிய இடம். கடல்புறம் வாயில் வைத்ததும் அதனால்தான் என்பது என் கருத்து. ஒதுங்கிப் பதுங்க நினைத்தவர்கள் அந்தப் பக்கத்தை அடைத்திருப்பார்கள். இவர்களோ கரைக்கு இறங்கி, வருவோர் போவோரை விசாரிக்க வேண்டியவர்கள்.

மேரிபோர்ட்டின் பெரிய கோட்டையில் நிலைமை வேறு. அங்கே 1870-இல் கிடைத்த பதினேழு பலிபீடங்கள், ஸ்பானியத் துணைப்படையின் தலைவர் மார்க்கஸ் மேனியஸ் அக்ரிப்பா போன்றோரின் பெயர்களை நமக்குச் சொல்கின்றன. தலைவர்கள் கல்லில் பெயர் பொறித்தார்கள்; சாதாரணப் படைவீரரின் அன்றாடத்தை அறிய சிற்றரணின் அடுப்பங்கரைக்குத்தான் போக வேண்டும்.

ஹேட்ரியன் 138-இல் இறந்தபின், அடுத்த பேரரசர் அன்டோனினஸ் பயஸ் எல்லையை ஸ்காட்லாந்துக்குள் நகர்த்திப் புதிய சுவர் எழுப்பினார்; இந்தக் கடலோர அரண்கள் கைவிடப்பட்டன. பிக்லாண்ட்ஸ் போன்ற சில சிற்றரண்களைப் பிற்காலத்தில் திருத்தி மீண்டும் பயன்படுத்தினார்கள். சுவார்த்தி ஹில்லுக்கு அந்த மறுவாழ்வு கிடைக்கவில்லை. ஆய்வாளருக்கு அதுவே நன்மையாயிற்று: பின்னால் வந்தவர்கள் இடித்துக் கட்டிக் குழப்பாததால், ஹேட்ரியனின் ஆட்கள் முதலில் வகுத்த அமைப்பு அப்படியே மண்ணுக்குள் தங்கிவிட்டது.