பத்தாவது கட்டை

நேயர்களுக்கு வணக்கம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஜாஸ் பியானோ கலைஞரை நேரில் உட்கார்ந்து கேட்ட ஒரு இரவைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய கைகளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு இரவு கேட்டுவிட்டு அறுபது வருடமாக வாசிக்கிற மனிதருக்கு நான் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

சின்ன அரங்கு. மேடை முழங்கால் உயரம்கூட இல்லை. பியானோ, டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே பேர். டிரம்ஸ் வாசிக்கிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மேடைக்கு வந்தார். ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்ய இரண்டு நிமிடமாவது எடுத்துக்கொண்டார், ஒரு திருகு ஏற்றுவார், உட்கார்ந்து பார்ப்பார், மறுபடி எழுந்து அரைத் திருகு இறக்குவார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “இவரை இவருடைய நாற்பது வயதில் கேட்டிருக்கணும்.” நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் இரவு முழுக்க என் காதில் இருந்தது, வீடு திரும்பும்போது அதோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாமல் போயிருந்தது. ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பியானோ கச்சேரிக்கு எப்போதாவது போனால் அரங்கத்தின் இடது பக்கம் இடம் பிடியுங்கள். பெரிய பியானோவின் மூடி நம்மைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்பதால் வாசிக்கிறவர் எப்போதும் நமக்கு இடது கைப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். வலது பக்கம் உட்கார்ந்தால் அவர் முகம் தெரியும், இடது பக்கம் உட்கார்ந்தால் கை தெரியும். நான் கைகளைப் பார்க்கிற கட்சி. வயதான ஒருவர் வாசிக்கிறார் என்றால் இன்னும் கண்டிப்பாக.

முதலில் ஒரு புளூஸ் வாசித்தார்கள், கை சூடேற. அப்புறம் மிக வேகமான ஒன்று. வயதானவர் என்றால் மெல்ல, குறைவாக, இடைவெளி விட்டு வாசிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தால் அந்த இரண்டாவது பாட்டிலேயே அது அடிபட்டுப் போயிருக்கும். வலது கை அப்படி ஓடியது, விரல்கள் கட்டையை விட்டு மேலே எழும்பினதாகவே தெரியவில்லை, மணிக்கட்டும் அசையவில்லை, ஸ்வரங்கள் மட்டும் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தன. முதுமை வந்தால் எல்லாரும் ஞானிபோலக் குறைத்து வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடைவெளிக்குப் பேர்போன அகமது ஜமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவின் பெர்ஷிங் லவுஞ்சில் அவருடைய மூவர் குழு வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டு 1958 ஜனவரியில் பதிவானது. இரண்டு ஸ்வரம் வாசித்துவிட்டு நான்கு ஸ்வரத்துக்கான இடத்தைச் சும்மா விட்டுவைக்கும் அந்தப் பாணி அதில் முழுசாக இருக்கிறது, அப்போது அவருக்கு வயது 27. அவர் 92 வயது வரை இருந்தார். அவருடைய மௌனம் வயது கொடுத்தது இல்லை, இளமையிலேயே அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

அப்படியானால் வயது எங்கேதான் தெரியும்? எனக்கு மூன்றாவது பாட்டில் தெரிந்தது, இடது கையில்.

‘பாடி அண்ட் சோல்’ என்று ஒரு பழைய மெல்லிசைப் பாட்டு, 1930-இல் ஜானி கிரீன் மெட்டமைத்தது, ஜாஸ் வாசிக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். நான்கு அடி கொண்ட ஒரு சுற்றை பார் என்பார்கள், இந்தப் பாட்டு மொத்தம் 32 பார். முதல் எட்டு பார் மெட்டு, அதையே இன்னொரு முறை, நடுவில் எட்டு பார் வேறொரு மெட்டு, கடைசியில் மறுபடி முதல் மெட்டு. அந்த நடுப்பகுதியில் சுருதியே அரைக் கட்டை மேலே ஏறிவிடும், பிறகு நைசாகக் கீழே இறங்கி வீட்டுக்கு வந்து சேரும். இந்த 32 பாரையும் ஒரு முறை சுற்றி வந்தால் ஒரு கோரஸ். மெட்டைச் சொல்லி முடித்ததும் அடுத்தடுத்த கோரஸ்களில் அதே ஹார்மனியின், அதாவது மெட்டுக்கு அடியில் ஓடுகிற ஸ்வரக் கூட்டங்களின் மேல் அவரவர் கற்பனையை வாசிப்பார்கள். கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் பெரிய புதிர் ஒன்றும் இருக்காது, எங்கே போனாலும் இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

இதில் முதல் மெட்டு ஷட்ஜத்துக்கு வந்து நிற்கிற இடத்தில் இடது கையால் ஒரு ‘டென்த்’ வாசிப்பது பழைய வழக்கம். கீழ் ஷட்ஜத்தைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டே அதற்கு அடுத்த ஸ்தாயியின் காந்தாரத்தைக் கட்டைவிரலால் தொட வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். ஸ்வர வரிசையில் எண்ணிப் பார்த்தால் பத்தாவது கட்டை. ஒரு கைக்குள் 20 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். எல்லாக் கைக்கும் எட்டாது, எட்டுகிற கைக்கும் எல்லாக் காலத்திலும் எட்டிக்கொண்டே இருக்காது. ஃபேட்ஸ் வாலருக்கும் ஆர்ட் டேட்டமுக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் காலத்தில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற பியானோக்காரரின் இடது கைதான் பேஸ், அதுதான் தாளம், பாட்டின் முக்கால்வாசிச் சுமை அதன் மேல்தான்.

அந்த இரவு அவர் கை விரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரல் போய் கீழ் ஷட்ஜத்தில் உட்கார்ந்தது, கட்டைவிரல் மேலே நீண்டது, எட்டவில்லை. ஒரு கட்டை தூரம்தான் குறைச்சல். அவர் அதற்காகத் தடுமாறவில்லை. கீழ் ஸ்வரத்தைப் பெடலால் பிடித்து வைத்தார், பெடலை மிதித்தால் தந்தியை அடக்குகிற கம்பளித் துண்டு எழும்பிவிடும், விரலை எடுத்த பிறகும் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை நகர்த்தி மேல் காந்தாரத்தைத் தொட்டார். அதாவது இரண்டும் சேர்ந்து வர வேண்டிய இடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது, மிகச் சின்னத் தாமதம், ஒரு மூச்சின் பாதி.

இப்போது டிரம்ஸ் வாசிக்கிறவரைச் சொல்ல வேண்டும். கையில் குச்சி இல்லை, கம்பிப் பிரஷ். தோலின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார், மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் முறை அந்தத் தாமதம் வந்தபோது அவருடைய தட்டல் சரியாகத் தாள அடியில் விழுந்துவிட்டது, காந்தாரம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டாவது எட்டு பாரில் அதே இடம் வந்ததும் பிரஷ் ஒரு நொடிப்பொழுது அந்தரத்தில் நின்றது. காந்தாரம் விழுந்தது, அதோடு சேர்ந்து பிரஷும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அந்தப் பாட்டின் தாளமே அங்கே லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு கைவிரலின் நீளத்துக்கு ஏற்றபடி பாட்டைத் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பட்டது, அதுவும் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல். இசைத்தட்டில் கேட்டிருந்தால் ‘அழகாக இழுத்து வாசிக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன். பிரஷ் நின்றதைப் பார்த்ததால்தான் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தது.

ஜாஸ் பியானோவின் வரலாற்றில் கை எப்போதுமே பெரிய விஷயம். ஹோரஸ் பார்லனுக்குச் சிறுவயதில் போலியோ வந்து வலது கையின் சில விரல்கள் சரியாக இயங்காமல் போயின. அவர் அந்தக் கையால் வாசிக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இடது கையிடம் கொடுத்துவிட்டார், அந்த இடறலும் அழுத்தமும்தான் அவரை வேறு யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாத வாசிப்பாளராக்கின. மின்னல் வேகத்துக்குப் பெயர் வாங்கிய ஆஸ்கர் பீட்டர்சனுக்கு 1993-இல் பக்கவாதம் வந்து இடது கை பலவீனப்பட்டது, சில வருடங்களில் மேடைக்குத் திரும்பி வந்து பெரும்பாலும் வலது கையை நம்பியே வாசித்தார். அந்தப் பிற்காலப் பதிவுகளை அவருடைய ரசிகர்களில் பலர் தொடுவதில்லை. எனக்கு அது வருத்தம். கீத் ஜாரட்டுக்கு 2018-இல் இரண்டு முறை பக்கவாதம், மேடையை விட்டே போக வேண்டியதாகிவிட்டது. இன்னொரு பக்கம் ஹாங்க் ஜோன்ஸ், 1918-இல் பிறந்தவர், தொண்ணூறு வயதிலும் வாசித்தார், 2010-இல் இறக்கும்வரை பியானோவை விடவில்லை. யாருக்கு எது கொடுத்துவைத்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்.

ஆனால் ஒன்று. வயதான கை கைவிட்டுவிடுகிற வேலையை வேறு யாரிடம் கொடுக்கலாம் என்ற வழியை ஜாஸ் எப்போதோ கண்டுபிடித்து வைத்துவிட்டது, அதுவும் இளைஞர்கள் கண்டுபிடித்தது. 1940-களில் பட் பவல் போன்றவர்கள் இடது கையின் வேலையை இரண்டு மூன்று ஸ்வரமாகச் சுருக்கினார்கள். பில் எவன்ஸ் இடது கையில் சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டத்திலிருந்து, அதாவது கார்டிலிருந்து, அடிப்படை ஸ்வரத்தையே எடுத்துவிட்டார், அது பேஸ்காரரின் பொறுப்பு, நான் ஏன் அதை இரண்டாவது முறை சொல்ல வேண்டும் என்ற கணக்கு. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் அவருடைய குழு வாசித்ததைப் பதிவு செய்தார்கள், பின்னால் கண்ணாடி டம்ளர் மோதுகிற சத்தம்கூடக் கேட்கும். அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவைக் கேளுங்கள், பின்னால் நிற்கிற ஆளாக எங்கேயும் தெரிய மாட்டார், பியானோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். பதிவாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கார் விபத்தில் போய்விட்டார், வயது 25.

பேஸ் என்றதும் மனசில் இருக்கிற ஒரு கோரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் தனியாக வாசிக்கும்போது தயவுசெய்து பேசாதீர்கள். எங்கே போனாலும் இதைப் பார்க்கிறேன், பியானோ நின்றதும் அரங்கமே முணுமுணுக்க ஆரம்பிக்கிறது, பாட்டு முடிந்துவிட்ட மாதிரி. அந்த இரவும் அப்படித்தான். அந்தப் பெரியவர் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, உடம்பை முழுசாகப் பேஸ்காரர் பக்கம் திருப்பி, பேஸ்காரரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல இடம் வந்தபோது தலை ஒரு முறை ஆடியது. எண்பதுக்கு மேல் வயது, இந்தப் பாட்டை எத்தனை ஆயிரம் முறை வாசித்திருப்பாரோ, இப்போதுதான் முதல் முறை கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துப் பக்கத்து மேசைகளில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

இப்படிப்பட்ட அரங்குகளில் ஒரே இரவில் இரண்டு செட் வாசிப்பது வழக்கம், நடுவில் சற்று நேரம் இடைவேளை. நான் இரண்டுக்கும் இருந்தேன். பொதுவாக ஒரு இரவில் ஒரே பாட்டை இரண்டு முறை எடுக்க மாட்டார்கள். அவர் எடுத்தார். இரண்டாவது செட்டின் கடைசியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அதே ‘பாடி அண்ட் சோல்’. ஏன் என்று அவர் சொல்லவில்லை.

நான் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். முதல் மெட்டு ஷட்ஜத்தை நோக்கி இறங்க ஆரம்பித்ததும் என் கண் இடது கைக்குப் போய்விட்டது. கை விரியவே இல்லை. சுண்டுவிரல் கீழே போகவில்லை. அவர் கீழ் ஷட்ஜத்தை வாசிக்கவே இல்லை, அந்த நேரத்தில் அதைப் பேஸ்காரர் வாசித்தார், தன் கருவியின் அடியாழத்தில், நீளமாக, நல்ல கனத்தோடு. அதன் மேல் பெரியவரின் கட்டைவிரல் அந்தக் காந்தாரத்தை மட்டும் வைத்தது. தாமதம் இல்லை, சாய்வு இல்லை, இரண்டும் ஒரே கையிலிருந்து வந்த மாதிரி ஒன்றாக ஒலித்தன. இடைவேளையில் பேசி வைத்துக்கொண்டார்களா, அந்த நொடியில் தோன்றியதா, எனக்குத் தெரியாது. பெரியவர் தலையைத் திருப்பிப் பேஸ்காரரைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார், பியானோவைத் தாண்டி அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. பேஸ்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்போது என் முழங்கையைத் தொட்டு, “கேட்டீங்களா?” என்றார்.