சாவி யாரிடம் இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கட்டடத்தின் முன்கூடத்தில் பொதுமக்களும் வந்து பார்க்கும்படி அறிவியல் காட்சிப் பொருட்களை நிறுவப் போகிறீர்கள். எதையெல்லாம் வைக்கலாம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். வைத்த பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்வது பற்றி நான் பேசுகிறேன். நாற்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதுதான்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இயற்பியல் துறைக் கட்டடத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் புனல் நிற்கிறது. அதற்குள் இருப்பது கீல். மரப்படகின் இடுக்குகளை அடைக்கப் பூசுவார்களே, அந்த வகைக் கரிய பொருள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாக உடையும். ஆனால் அது திடப்பொருள் இல்லை, ஓடுகிற திரவம் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார் பேராசிரியர் தாமஸ் பார்னெல். 1927-இல் கீலைச் சூடாக்கி, அடி மூடிய புனலில் ஊற்றினார். அது நன்றாகப் படியட்டும் என்று மூன்று வருடம் விட்டுவிட்டு, 1930-இல் புனலின் அடிக்குழாயை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழுந்தது 1938-இல். தண்ணீரைவிட ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு பாகுநிலை, அதாவது ஓடத் தயங்கும் தன்மை, கொண்ட திரவம் அது. இரண்டாவது சொட்டு 1947-இல் விழுந்தது. மறு வருடம் பார்னெல் இறந்துவிட்டார்.

அப்புறம் அந்தப் புனல் என்ன ஆயிற்று? அலமாரிக்குள் போய்விட்டது. தூக்கிப் போடவும் இல்லை, காட்டவும் இல்லை. 1961-இல் வேலைக்குச் சேர்ந்த ஜான் மெயின்ஸ்டோன் என்ற இளம் ஆசிரியர் கண்ணில் அது பட்டது. அதை வெளியே வைக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது துறையில் யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. விடாமல் கேட்டார், வருடக்கணக்கில் கேட்டார். இன்று அந்தப் புனல் முன்கூடத்தில் நிற்பதற்கு அவர்தான் காரணம். உலகத்திலேயே மிக நீண்ட காலமாக நடக்கும் ஆய்வகச் சோதனை என்று கின்னஸ் பதிவிலும் அது இடம்பெற்றது.

மெயின்ஸ்டோன் ஐம்பது வருடத்துக்கு மேல் அதற்குக் காவலாக இருந்தார். ஆனால் ஒரு சொட்டு விழுவதைக்கூட அவர் நேரில் பார்க்கவில்லை. 1988-இல், பிரிஸ்பேன் உலகக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு இருந்த நேரம், குடிக்க ஏதாவது வாங்கி வரலாம் என்று நகர்ந்தார். அந்தச் சில நிமிடத்தில் சொட்டு விழுந்துவிட்டது. 2000-இல் அவர் வெளிநாட்டில் இருந்தார். கேமரா வைத்திருந்தார்கள், சரியான நேரத்தில் அது வேலை செய்யவில்லை. 2013 ஆகஸ்டில் காலமானார். அடுத்த சொட்டு 2014 ஏப்ரலில்.

இதைக் கேட்டுப் பலர் ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொட்டைப் பார்ப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. அடுத்த சொட்டு வரை புனல் நிற்க வேண்டும், அதைத்தான் அவர் வேலையாக எடுத்துக்கொண்டார். அவரை நினைக்கும்போது மரியாதைதான் வருகிறது.

இந்தக் கதையில் கட்டடப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் எட்டு ஒன்பது வருடத்துக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஏழாவது சொட்டுக்குப் பிறகு பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஆக ஆரம்பித்தது. காரணம், கட்டடத்துக்கு ஏசி போட்டார்கள். அறை குளிர்ந்தது, கீல் இன்னும் இறுகியது, சொட்டுகளும் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தன. ஏசி போட்டவர்களுக்கு அந்தப் புனலின் மேல் எந்தப் பகையும் இல்லை, அவர்கள் வேலையைத்தான் பார்த்தார்கள். ஒரு கட்டடத்தில் காட்சிப் பொருள் வைத்தால், அந்தக் கட்டடத்தின் ஏசி, மின்சாரம், வெயில் விழும் ஜன்னல், தரை துடைக்கிற நேரம் எல்லாமே அந்தக் காட்சியின் பாகம். கட்டடங்களைப் பராமரிக்கும் எஸ்டேட் பிரிவு அதிகாரி திட்டமிடும் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மட்டும் அவரை அழைத்தால் போதாது.

ஒன்பதாவது சொட்டு கீழே கிடந்த எட்டாவது சொட்டைத் தொட்டுவிட்டது. இப்படியே விட்டால் தானாக அறுந்து விழாது, அதனால் கீழே இருந்த பீக்கரை மாற்றுவோம் என்று முடிவு செய்தார்கள். கண்ணாடிக் கூட்டைத் தூக்கும்போது மரப்பீடம் ஆடியது. சொட்டு அறுந்துவிட்டது. பதின்மூன்று வருடக் காத்திருப்பு, ஒரு பீடத்தின் ஆட்டத்தில் முடிந்தது! நாளைக்கு உங்கள் தச்சரிடம் பேசும்போது தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், மாடிப்படிக் கூடத்தின் நடுவே ஃபூக்கோ ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1851-இல் பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைக் கட்டி, பூமி சுழல்வதைக் கண்முன்னே காட்டினாரே பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ, அதே சோதனையின் சிறிய வடிவம். பக்கத்தில் அழகான பித்தளைப் பலகை. ஊசலாடும் தளம், அதாவது ஊசல் ஆடுகிற திசை, 32 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று திரும்பும் என்று அதில் பொறித்திருந்தது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, பாடவேளைகளுக்கு நடுவில் வந்து வந்து பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், நான் எங்கேயோ தப்பு செய்துவிட்டேன். 32 மணி நேரம் ஆகிவிட்டது, 110 டிகிரிகூடத் திரும்பவில்லை" என்றாள். அவள் அளவு சரி. பலகைதான் தவறு. 32 மணி நேரம் என்பது பாரிஸுக்கான கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வர வர அந்தத் திருப்பம் மெதுவாகும். சென்னையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 106 மணி நேரம், அதாவது நாலு நாளுக்கு மேல். கன்னியாகுமரியில் வைத்தால் ஏழு நாள். நிலநடுக்கோட்டிலேயே வைத்தால் திரும்பவே திரும்பாது. யாரோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் பொறித்துவிட்டார்கள். அந்தப் பெண் தன்னைத்தானே சந்தேகப்பட்டாள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளக்கப் பலகை எழுதுபவர் இந்த ஊரின் எண்ணை எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும். எழுதியதை ஒரு மாணவரைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்கு வெறும் காகிதத்தில் அச்சடித்து ஒட்டுங்கள். பித்தளையில் பொறிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

அதே ஊசலை ஒட்டுமொத்தக் கல்லூரியிலும் நன்றாகத் தெரிந்தவர் யார் தெரியுமா? இரவுக் காவலர். கம்பியின் மேல்முனையில் உள்ள மின்காந்தம்தான் ஊசல் ஓயாமல் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அடங்கிவிடும். மறுபடி தொடங்கும்போது கையால் தள்ளக்கூடாது, பக்கவாட்டில் சிறு உந்தல் பட்டால்கூட நீள்வட்டமாக ஓடும். குண்டை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டி, அசைவு முழுவதும் அடங்கிய பிறகு நூலை நெருப்பால் எரித்து விடுவிக்க வேண்டும். ஃபூக்கோ காலத்து முறை. அதை நாங்கள் அவருக்கு ஒருமுறைதான் காட்டினோம். அதன் பிறகு, காலையில் முதல் பாடத்துக்கு நாங்கள் வரும்போது ஊசல் ஆடிக்கொண்டிருக்கும். அவர் ஓய்வுபெற்றார். சாவியும் தீப்பெட்டியும் யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருடத்துக்குள் அந்தக் கூடத்தில் பழைய நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் சோதனைகளின் நூலகம் ஒன்றை அமைத்திருந்தார். புத்தகம் எடுத்துப் படிப்பது போல, மாணவர்கள் தாங்களே வந்து சோதனையைச் செய்து பார்க்கலாம். பிறகு 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தைத் தொடங்கியபோது, பழுது பார்க்கிற பட்டறையைப் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. கைபடுகிற பொருள் உடையத்தான் செய்யும், பொத்தான்தான் முதலில் போகும். 'பழுது' என்று எழுதி ஒட்டிவிட்டு ஆறு மாதம் விட்டுவிடாதீர்கள். ஒரு மேஜை, ஒரு ஸ்க்ரூடிரைவர் பெட்டி, மாற்றுப் பொத்தான்கள் ஒரு டஜன், இவற்றை முன்கூடத்திலேயே வையுங்கள். திருப்புளி பிடித்த மாணவரைப் பார்ப்பதும் வந்தவர்களுக்கு ஒரு காட்சிதான்.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்குவதற்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பொறுப்பாளர் என்று ஒருவரின் பெயரை உத்தரவிலேயே எழுதுங்கள். அவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை குறையுங்கள். அவருக்கு அடுத்தவர் யார் என்றும் இப்போதே எழுதிவிடுங்கள்.

மாணவர்களே, வாசல் பக்கத்து மேஜையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். நாள், பார்த்த நேரம், எது ஓடுகிறது, எது நின்றது, யார் பார்த்தது என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பெயர்கள் வந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரப்போவது சனிக்கிழமை, அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது. டீ குடிக்கப் போகும்முன் யாராவது வந்து எழுதுங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது.