‘இதுக்கெல்லாமா சண்டை போடுவாங்க?’

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம்.

அன்றாடத் தொல்லைகளைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். மேடைகளில் பெரிய துயரங்களுக்கு இடம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் பேசுகிறோம், ஆலை மூடினால் பேசுகிறோம். கடைக்காரர் நீட்டிய காசை வாங்கவில்லை, நடத்துநர் மீதியைத் தரவில்லை, ரேஷன் கடையில் விரல் பதியவில்லை என்பதற்கெல்லாம் மேடை கிடையாது. வீட்டுத் திண்ணையில் புலம்பினால்கூட, “விடுப்பா, இதுக்கெல்லாமா சண்டை போடுவாங்க?” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்வியோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 1967இல் ஹோம்ஸ், ராகே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் மனிதரை நோயில் தள்ளும் வாழ்க்கை நிகழ்வுகளை வரிசைப்படுத்தினார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100 மதிப்பெண். மணமுறிவு, சிறை, வேலையிழப்பு எல்லாம் அதற்குக் கீழே. பெரிய இடிகள்தாம் மனிதனைச் சாய்க்கும் என்பது அன்றைய எண்ணம். 1981இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் வேறொரு பட்டியல் போட்டார்கள். அதில் இருந்த 117 சங்கதிகளும் சில்லறைத் தொல்லைகள். பொருளை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது, விலைவாசி, வீட்டைப் பராமரிக்கும் தொந்தரவு, தலைக்கு மேல் வேலை என்று போகிறது அந்தப் பட்டியல். நடுவயதுக்காரர்களிடம் மாதாமாதம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் யாருக்கு வரும் என்று கணிக்க, பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட இந்தச் சில்லறைப் பட்டியல்தான் அதிகம் உதவியது என்று கண்டார்கள்.

நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஆராய்ச்சி இல்லாமலேயே சொல்லியிருப்பார்கள். சாவு வீடென்றால் ஊரே வந்து நிற்கும், அடுப்பு மூட்டக்கூட விடமாட்டார்கள். காலையில் தண்ணீர் வராததற்கு யார் வந்து நிற்கிறார்கள்? அந்த எரிச்சலை அவளே விழுங்க வேண்டும். மறுநாளும் விழுங்க வேண்டும்.

இப்போது என் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டுகிறேன். வெளியே பித்தளை நிற வளையம், நடுவே வெள்ளை நிற வட்டம். எடை 7.71 கிராம். 2009இல் புழக்கத்துக்கு வந்த காசு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது செல்லாது. செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை, அரசு சொல்லவில்லை, ரிசர்வ் வங்கி சொல்லவில்லை. எதிர்க் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதால் இந்தக் கடைக்காரர் வாங்குவதில்லை, அவ்வளவுதான். வதந்தி எப்படிக் கிளம்பியது என்று பாருங்கள். 2010இல் ரூபாய்க்கு ஒரு குறியீடு வந்தது. அதை வரைந்தவர் உதயகுமார், நம் தமிழர். 2011 முதல் நாணயங்களில் அந்தக் குறியீடு ஏறியது. அதற்கு முந்தைய காசுகளில் அது இருக்காது. ஒரு காசில் ஓரத்தில் பத்துக் கோடுகள், இன்னொன்றில் பதினைந்து கோடுகள். உடனே ஒன்று நல்லது, ஒன்று கள்ளக்காசு என்று பேச்சு பரவிவிட்டது. 2016 நவம்பரில், நாடே நோட்டுக்கு அலைந்த நாட்களில், ரிசர்வ் வங்கி இரண்டுமே செல்லும் என்று அறிவித்தது. 2018 ஜனவரி 17 அன்று மறுபடியும் சொன்னது: இதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், பதினான்கும் செல்லும். சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ள 14440 என்று ஒரு கட்டணமில்லா எண்ணும் கொடுத்தார்கள். சட்டத்தைப் பார்த்தால் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களில் ஆயிரம் ரூபாய் வரை கொடுத்தால் அது செல்லுபடியாகும் பணம்.

இவ்வளவும் இருக்க, எங்கள் தெருமுனையில் நடப்பதைச் சொல்கிறேன். பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா. வயது எழுபதை ஒட்டி இருக்கும். சாயங்காலம் கோயிலுக்குப் போகிறவர்கள் பத்து ரூபாய்க்குப் பூ வாங்குவார்கள். பையில் தங்கிப்போன நாணயத்தைத் தள்ளிவிட வசதியான இடம் அந்த அம்மாதான் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கமாட்டேன் என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. சொன்னால் யாவாரம் போய்விடும். ராத்திரி அதே காசோடு மளிகைக் கடைக்குப் போகிறார். அரைப்படி அரிசி, கொஞ்சம் துவரம்பருப்பு, ஒரு தீப்பெட்டி. பொட்டலம் எல்லாம் கட்டி மேஜைமேல் வைத்தாயிற்று. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசுகளை அடுக்குகிறார். “காயின் வேணாம்மா, நோட்டா குடுங்க.” “எங்கிட்ட இதாம்ப்பா இருக்கு.” “நான் எங்க போய்க் குடுப்பேன்? யாரும் வாங்க மாட்டேங்கிறான்.” பருப்புப் பொட்டலம் மேஜையின் அந்தப் பக்கம் போகிறது. அரிசிக்கு மட்டும் கசங்கிய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் போனை நீட்டி ஸ்கேன் செய்து, சாமானை வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் தவறில்லை. அவர் கண்ணுக்கு அங்கே ஒரு பிரச்சினையே நடக்கவில்லை.

அன்று இரவு அந்த வீட்டில் பருப்பு இல்லை. இது சின்ன விஷயமா?

2022இல் தர்மபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துக் கார் வாங்கினார். செய்தித்தாள்களில் படம் வந்தது. மூட்டை மூட்டையாகக் காசு, எண்ணிக்கொண்டிருக்கும் ஊழியர்கள். பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். அவர் சொன்ன காரணம் வேடிக்கையானதல்ல. அவருடைய தாயார் நடத்திய கடையில் சேர்ந்த நாணயங்களை வேறெங்கும் வாங்கவில்லை; குழந்தைகள் அந்தக் காசை மதிப்பில்லாத பொருளாக வைத்து விளையாடுவதைப் பார்த்தார். அது செல்லும் என்று ஊருக்குக் காட்ட நினைத்தார். ஆறு லட்சம் என்றால் அறுபதாயிரம் காசு, எடை 460 கிலோவுக்கு மேல். நாட்டின் பணம் பணம்தான் என்று நிரூபிக்க ஒரு மனிதர் அத்தனை கிலோவைச் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

இன்றைய பேச்சில் இந்த இடத்தை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். தொல்லை எப்போதும் சரிவில் உருளும். வங்கி மொத்த வியாபாரியிடம் முகம் சுளிக்கிறது, அவர் கடைக்காரரிடம், கடைக்காரர் பூக்கார அம்மாவிடம். அந்த அம்மாவுக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே தொல்லை அங்கே போய்த் தங்கிவிடுகிறது. வழியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது ஒரு நொடி எரிச்சல். “சின்ன விஷயம்” என்று அவர்கள் சொல்வது, அவரவர் அளவில் உண்மைதான்.

பேருந்துக்கு வருவோம். மீதிச் சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார்கள். “எறங்கும்போது வாங்கிக்கங்க.” கூட்டம் நெரியும் வண்டியில் முன்வாசலில் இறங்க வேண்டியவர், பின்னால் நிற்கும் நடத்துநரிடம் ஏழு ரூபாய்க்காக நீந்திப் போக வேண்டும். போகாவிட்டால் பணம் போச்சு. போனால் நிறுத்தம் போச்சு. நடத்துநரையும் நான் குறை சொல்லமாட்டேன். காலையில் அவருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பாமல், ஏறுகிறவர்கள் எல்லாம் ஐந்நூறை நீட்டினால் அவர் எங்கே போவார்?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள், சரிதான். நான் கவனித்தது இன்னொன்று. அந்த வண்டிகளில் பெண்களுக்கும் நடத்துநருக்கும் நடந்துவந்த சில்லறைச் சண்டை ஒரே நாளில் நின்றுவிட்டது. கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் ஏறியதும் ஏறாததுமாகச் சுருக்குப்பையைத் துழாவ வேண்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில்லறைத் தொல்லைகளைத் தலைவிதி மாதிரி பேசுகிறோம். அது யாரோ செய்துவைத்த ஏற்பாடு. மேலே இருந்து ஒரு உத்தரவு போட்டால் மறுநாளே மாறுகிறது.

ரேஷன் கடை இன்னும் வலிக்கிறது. அந்தக் கைரேகை இயந்திரத்தின் முன்னால் வயதான ஒருவர் நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலை வைப்பார். சிவப்பு விளக்கு. “தொடச்சிட்டு வைங்க.” வேட்டியில் தேய்த்துவிட்டு வைப்பார். “வேற விரல் வைங்க.” ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. நாற்பது ஆண்டு செங்கல் சுமந்த கை, நாற்று நட்ட கை, சுண்ணாம்பில் ஊறிய கை. ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. உழைத்ததற்கான அடையாளமே அவரை அடையாளம் தெரியாதவராக ஆக்கிவிடுகிறது. பின்னால் வரிசை முனகுகிறது. கடைசியில், “சர்வர் சரியில்ல, நாளைக்கு வாங்க.” நாளைக்கு வருவதற்கு அவருக்கு ஒரு நாள் கூலி போக வேண்டும்.

இதிலும் விதி அவர் பக்கம்தான் இருக்கிறது. ரேகை பதியவில்லை என்பதற்காக உணவுப்பொருளை மறுக்கக் கூடாது, வேறு வழியில் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நேரில் வர முடியாத முதியவர்கள் தங்கள் சார்பில் வேறொருவரை வாங்கிவரச் சொல்லிப் பதிவு செய்ய நம் மாநிலத்தில் படிவம் இருக்கிறது. கடைப் பணியாளர்களில் பலர் அக்கம்பக்கத்து மனிதர்கள்தாம். முகம் தெரிந்த பெரியவருக்கு எப்படியாவது சாமானைக் கொடுத்து அனுப்பப் பாடுபடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியவரின் வயிறு ஒருவருடைய நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. விதி இருக்கிறது, அது சுவரில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

குளிர்பானத்துக்கு அச்சடித்த விலைக்கு மேல் “கூலிங் சார்ஜ்” வாங்குவது, இரவு பத்து மணிக்குப் பிறகு கூம்பு ஒலிபெருக்கி வைப்பது, சாப்பிடும் நேரத்தில் கடன் வேண்டுமா என்று அழைப்பது, இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. முதல் இரண்டும் விதிக்குப் புறம்பானவை; அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்தவரை அழைத்தால் மூன்றாவதும் அப்படித்தான். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 இருக்கிறது. இதற்கு மேல் இவற்றில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

என் கவலை வேறு. தொல்லையிலிருந்து வெளியேற இப்போது வழி இருக்கிறது, அதற்குக் காசு வேண்டும். கையில் நல்ல போனும் வங்கிக் கணக்கில் பணமும் இருந்தால் நாணயப் பிரச்சினை இல்லை. சொந்த வண்டி இருந்தால் மீதிச் சில்லறை இல்லை. வெளியில் வாங்கிக்கொள்ள வசதி இருந்தால் ரேஷன் வரிசை இல்லை. ஒரு காலத்தில் வாத்தியாரும் குமாஸ்தாவும் கூலித் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ஒரே எரிச்சலைப் பட்டார்கள். வாத்தியார் கோபப்பட்டு மனு எழுதினார், பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். எல்லோருக்கும் சேர்த்துத் தீர்வு வந்தது. இன்று மனு எழுதத் தெரிந்தவர்கள் வரிசையை விட்டுப் போய்விட்டோம். மிச்சம் நிற்கிறவர்களிடம் “இதெல்லாம் ஒரு விஷயமா” என்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரிந்த நாம் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பது. அந்த அம்மா காசை நீட்டி நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறோமா, “அண்ணே, அது செல்லும், வாங்கிக்கங்க” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவர் வாங்கவே மாட்டேன் என்றால் அந்தக் காசை நாம் வாங்கிக்கொண்டு நோட்டைக் கொடுக்கலாம். பிறகு அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நாம் போகலாம். வங்கிக்காரர் நம்மிடம் மறுப்பது அவ்வளவு எளிதல்ல. நமக்குப் பேசத் தெரியும், நேரமும் இருக்கிறது.

கடைக்காரர் தரப்பையும் விட்டுவிடக் கூடாது. வங்கியில் நாணயம் கட்டப் போனால், “கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்க” என்கிறார்கள் என்று பல வியாபாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எல்லா மதிப்புள்ள நாணயங்களையும் கிளைகள் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 பிப்ரவரியில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நூறு நூறாகப் பைகளில் கட்டிக் கொண்டுவந்தால் எண்ணுவது இருதரப்புக்கும் எளிது என்றும் அதில் வழி சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் இருக்கும் மேஜையில் கிடைக்கும், கடை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வணிகர் சங்கத்திலிருந்து ஒருவரையும் வங்கிக் கிளையிலிருந்து ஒருவரையும் அழைக்கும்படி வாசகர் வட்டச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பூக்கார அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்தை மட்டும் அவர் யாவார நேரத்தில் வைக்காதீர்கள். காலையில் வைத்துக்கொள்வோம்.