வெப்பம் தணிந்த பின்னும் திரும்பாத கடல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலில் வெப்ப அலை என்றதும் பலர் கேட்பது இதுதான்: தண்ணீர் இரண்டு டிகிரி கூடினால் என்ன குடிமுழுகிவிடும்? நியாயமான கேள்வி. நிலத்தில் ஒரே நாளுக்குள் பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வேறுபாடு வருகிறது; நாம் தாங்கிக்கொள்கிறோம். நமக்கு நிழல் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. பெரும்பாலான கடல் உயிர்களுக்கு உடலின் வெப்பமே சுற்றியுள்ள நீரின் வெப்பம்தான். நீர் சூடேறினால் மீனும் உள்ளுக்குள் சூடேறுகிறது. அதன் உடல் ஆற்றலை வேகமாக எரிக்கிறது, அதிக இரை கேட்கிறது, அதிக ஆக்சிஜன் கேட்கிறது. சூடான நீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும். தேவை ஏறும் அதே நேரத்தில் வரவு இறங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், நான் இனிச் சொல்லப்போகும் எல்லாம் விளங்கிவிடும்.

கடல் வெப்ப அலை என்று எதைச் சொல்கிறோம்? ஓர் இடத்தில், ஆண்டின் அந்தந்த நாளுக்கு, முப்பது ஆண்டுப் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். அவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுப் பதிவுகளை விஞ்சும் வெப்பம் ஐந்து நாட்களாவது தொடர்ந்தால் அது வெப்ப அலை. ஆகவே நடுக்குளிர்காலத்திலும் அது வரலாம். பனிக்கட்டி மிதக்கும் கடலிலும் வரலாம். கை வைத்துப் பார்த்தால் உறைய வைக்கும் நீர், அங்கே வாழும் நண்டுக்குத் தாங்கமுடியாத வெப்பமாக இருக்கலாம்.

எப்படி உருவாகிறது? காற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் சூரியனை மட்டுமே நினைக்கிறார்கள். கடலை ஆற்றுவது காற்று. அது வீசும்போது நீர் ஆவியாகி வெப்பம் வெளியேறுகிறது. மேல்நீரும் ஆழத்துக் குளிர்நீரும் கலக்கின்றன. காற்று வாரக்கணக்கில் படுத்துவிட்டால் மேலே மெல்லிய சூடான அடுக்கு ஒன்று தேங்கிவிடுகிறது. வானில் மேகமும் இல்லாவிட்டால் வெயில் முழுவதும் அந்த அடுக்கிலேயே இறங்குகிறது. 2013இன் இறுதியில் வடகிழக்குப் பசிபிக்கில் இதுதான் தொடங்கியது. உயர் காற்றழுத்தம் ஒன்று அசையாமல் நின்றது; குளிர்காலப் புயல்கள் விலகிப் போயின; கடல் ஆறவேண்டிய காலத்தில் ஆறவில்லை. அறிவியலாளர்கள் ‘பிளாப்’ என்று அழைத்த அந்த வெப்பத் திட்டு 2016 வரை நீடித்தது.

நீரோட்டங்களும் வெப்பத்தைச் சுமந்து வரும். 2011இன் தொடக்கத்தில் பசிபிக்கின் சூடான நீர் மேற்கே குவியும் வலுவான லா நினா காலத்தில், லீவின் நீரோட்டம் வெப்பமண்டல நீரை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே தள்ளியது. எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் சூடேறுகிறது. இவையெல்லாம் முன்பும் இருந்தவைதானே என்று கேட்கலாம். இருந்தவைதான். ஆனால் அவை நிகழும் கடல் பழைய கடல் அல்ல. பசுங்குடில் வாயுக்கள் பிடித்துவைத்த கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடல்தான் வாங்கிக்கொண்டது. கடலின் அடிமட்ட வெப்பநிலையே உயர்ந்துவிட்டதால், முன்பு சாதாரண ஏற்றமாக முடிந்திருக்கும் ஒன்று இன்று வரம்பைத் தாண்டிவிடுகிறது. 1982க்கும் 2016க்கும் இடையில் கடல் வெப்ப அலை நாட்கள் இரு மடங்காயின. இன்று நிகழ்பவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் மனிதரால் ஏற்பட்ட வெப்பமாதலுக்கு உரியவை என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. இயற்கையின் வழக்கமான ஏற்ற இறக்கம் என்று இதைத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி விளைவுகள். பிளாப் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடலின் உணவு அடித்தளம் குளிர்நீரில் வளரும் கொழுப்பு மிகுந்த நுண்ணிய மிதவை உயிரிகள். நீர் சூடானதும் அவை குறைந்து, சிறிய, சத்துக் குறைந்த இனங்கள் பெருகின. அவற்றைத் தின்ற சிறுமீன்கள் மெலிந்தன. அவற்றைத் தின்னும் பெருமீன்களுக்கோ உடல்சூட்டினால் பசி கூடியிருந்தது. இருந்த கொஞ்ச இரையையும் அவை வாரித் தின்றன. நடுவில் அகப்பட்டது முர் என்னும் கடற்பறவை. தன் உடல் எடையில் பாதிக்கும் மேல் தினமும் மீன் தின்றால்தான் அது உயிர் வாழும். 2015, 2016 ஆண்டுகளில் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை கரைகளில் சுமார் 62,000 பறவைகள் செத்தும் சாகும் நிலையிலும் ஒதுங்கின. அவற்றில் பெரும்பாலானவை பட்டினியால் எலும்பும் தோலுமாக இருந்தன. கரைக்கு வராதவற்றையும் கணக்கிட்ட 2024ஆம் ஆண்டின் ஆய்வு, அலாஸ்காவில் மட்டும் நாற்பது லட்சம் முர்கள் மாண்டதாக மதிப்பிடுகிறது. அங்கிருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி. வெப்பம் தணிந்து ஆண்டுகள் பல ஆகியும் அவை பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

அலாஸ்கா வளைகுடாவில் கோட் மீனும் சரிந்தது. 2020இல் அதன் மீன்பிடிப்பை மூடவேண்டியதாயிற்று. பெரிங் கடலில் அடுத்த அடி. 2018, 2019 ஆண்டுகளின் வெப்பத்துக்குப் பிறகு அங்கே ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பனி நண்டுகள் காணாமல் போயின. நீர் அவற்றை நேரடியாகக் கொல்லும் சூட்டை எட்டவே இல்லை. பூஜ்யத்திலிருந்து மூன்று டிகிரிக்கு ஏறினாலே பனி நண்டின் உணவுத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அவை பசியால் செத்தன. 2022இல் அந்த நண்டுப் பிடிப்புப் பருவம் வரலாற்றில் முதன்முறையாக ரத்து செய்யப்பட்டது.

இப்போது கடற்பாசிக் காடுகள். எனக்கு மிகுந்த வேதனை தருவது இந்தப் பகுதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011இன் சில வாரங்கள் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடுகளை நூறு கிலோமீட்டர் நீளக் கரையில் அழித்தன. நீர் பிறகு குளிர்ந்தது, காடு முளைக்கவில்லை. சூடான நீரோடு வந்து தங்கிவிட்ட வெப்பமண்டல மீன்கள் ஒவ்வொரு புதுத் தளிரையும் மேய்ந்துவிட்டன. வடக்குக் கலிபோர்னியாவில் வேறு கதை, அதே முடிவு. கடல் முள்ளெலிகளை வேட்டையாடும் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் நோயால் மடிந்தன; வெப்பம் அந்த நோயை முற்றச் செய்தது. கட்டுப்பாடற்றுப் பெருகிய முள்ளெலிகள், ஏற்கெனவே நலிந்திருந்த கெல்ப்பை வேரோடு தின்று தீர்த்தன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு போயிற்று. இந்த முள்ளெலிகள் இரையின்றியும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. அதனால் தரையை விட்டு அகல்வதே இல்லை.

பவளப்பாறைகளைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தனக்கு உணவூட்டும் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. சீக்கிரம் ஆறினால் பிழைக்கும். உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதை 2024 ஏப்ரலில் உறுதிசெய்தார்கள். இரு அலைகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வு குறைந்துகொண்டே வருவதுதான் அங்கே பெரிய சிக்கல். மெதுவாக வளரும் பவளங்களுக்குத் தேறிவரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

ஆக, வெப்ப அலை போய்விடுகிறது. அது மாற்றியமைத்தது அங்கேயே நிற்கிறது. கடலின் பாதிப்பை வெப்பமானியைக் கொண்டு மட்டும் கணக்கிடுவது தவறு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செய்யக்கூடியது என்ன? புதைபடிவ எரிபொருளைக் குறைக்காமல் அந்த அடிமட்ட வெப்பநிலை இறங்காது. அதற்கு மாற்று எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் அதற்குள் காப்பாற்ற வேண்டியவை உண்டு. பல கடல் பகுதிகளில், குறிப்பாக எல் நினோவின் பிடியில் உள்ளவற்றில், வெப்ப அலைகளை இன்று மாதங்களுக்கு முன்பே கணிக்க முடிகிறது. 2011க்குப் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் நண்டும் ஸ்காலப் சிப்பியும் சரிந்ததைக் கண்டதும் அவற்றைப் பிடிப்பதை நிறுத்தினார்கள். இருப்பு மெல்ல மீண்டது. அதே வெப்பம் அதே மாநிலத்தின் கல்பாரிக் கரையில் அபலோனி நத்தைகளை ஏறக்குறைய அடியோடு துடைத்தது. அங்கே மீட்க எதுவும் மிஞ்சவில்லை. எங்கே நிறுத்தினால் பயன் உண்டு, எங்கே இனம் பெருகுவதற்கான விதையிருப்பை முன்கூட்டியே காக்க வேண்டும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

எனவே மீன்வளத் துறைகளிடம் என் கோரிக்கை இது: பிடிப்பு அளவைச் சென்ற ஆண்டின் கணக்கை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள், வரும் பருவத்தின் வெப்பக் கணிப்பையும் சேர்த்துத் தீர்மானியுங்கள். வலையை நிறுத்தச் சொல்லும் மாதங்களில் மீனவர் குடும்பங்கள் எதைக்கொண்டு வாழும் என்பதற்கான பணத்தை, கடல் சூடேறுவதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள்.

நன்றி.