கொலுசுப் பட்டறையும் எரிபொருள் குளமும்
(சேலத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நேற்று செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தேன். காலையில் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, சாயங்காலம் கொலுசாகவும் துண்டாகவும் துகளாகவும் தராசுக்குத் திரும்பி வருகிறது. சேதாரம் எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. தரையைக் கூட்டிய மண்ணைக்கூட வீசுவதில்லை.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளுக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அதற்குள் புளூட்டோனியம் இருக்கிறது. 8 கிலோ காணாமல் போனாலே ஒரு குண்டுக்கு வழி உண்டு என்று வைத்துத்தான் சர்வதேச அணுசக்தி முகமை கணக்குப் பார்க்கிறது.

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கட்டுகளை ஆழமான குளத்தில் சில ஆண்டுகள் ஆற வைப்பார்கள். தண்ணீருக்குள் அவை நீல நிறமாக ஒளிரும். ஆய்வாளர் மேலிருந்து கருவி வழியாக அந்த ஒளியைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுவார். உண்மையான கட்டை எடுத்துவிட்டு வெறும் இரும்பை வைத்திருந்தால் அங்கே அந்த ஒளி இருக்காது. அப்புறம் கனமான உலர் கலன்களுக்கு மாற்றி மூடிவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதன்பின் மூடியில் போட்ட சீலும், கண் மூடாத கேமராவும்தான் சாட்சி. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த உலோகச் சீலின் உட்புறத்தில் கைரேகை போல ஒரு கீறல் கோலம் இருக்கும். பூட்டும் முன் படம் எடுத்து வைத்து, கழற்றியபின் ஒப்பிடுவார்கள்.

சரி, என் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வெளியே வந்த எரிபொருளை யாரும் திருட முடியாது. கவசம் இல்லாமல் கிட்டே போனால் கதிர்வீச்சே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் சில ஆண்டுகள் ஆறியபின் அந்தக் கதிர்வீச்சில் பெரும்பங்கு தரும் சீசியம்-137 முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 90 ஆண்டில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அதாவது, தானே தனக்குக் காவலாக நின்ற சரக்கு, நாளாக ஆக அந்தக் காவலை இழக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது.

கூடங்குளத்தில் உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகம் அமைக்கும் திட்டம் 2019-ல் விவாதமானபோது கசிவைப் பற்றிக் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு இதையும் கேளுங்கள்: அறுபதாவது ஆண்டில் அந்தச் சீலைச் சரிபார்க்கிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? இன்று எழுதுகிற நோட்டு அன்று யார் கையில் இருக்கும்?