வண்ணச் சோளம் அவித்தால் ஏன் வேகவில்லை? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று சற்று நிதானமாகப் பேசுகிறேன். கோலாலம்பூர் கெப்போங்கிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "வரிசை வீட்டின் முன்புறம் வேலி ஓரமாக வண்ணச் சோளம் போட்டேன். செடி நன்றாக வளர்ந்தது. கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி. நிறம் என்னவோ கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் அவித்தும் கடிக்க முடியவில்லை. இது சாப்பிடுகிற சோளம்தானா, அலங்காரத்துக்கு மட்டுமா?"

பல நிற மணிகள் கொண்ட மக்காச்சோளத்தைத்தான் வண்ணச் சோளம் என்கிறோம். சாப்பிடுகிற சோளம்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். இரவுச் சந்தையில் வெண்ணெய் தடவித் தருகிறார்களே, அந்த இனிப்புச் சோளம் பிஞ்சிலேயே பறித்துத் தின்பதற்கென்று வந்த ரகம். உங்கள் கையில் இருப்பது முழுத் தானியம். கேழ்வரகையும் கம்பையும் எப்படி நடத்துவோமோ அப்படித்தான் இதையும் நடத்த வேண்டும்: முற்றவிட்டு, காயவைத்து, பக்குவப்படுத்தி, அரைத்துச் சாப்பிட வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் மணி பிடிக்காத விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

உரத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒற்றை வரிசையாக நட்டதுதான் காரணம். உச்சியில் நிற்கும் குஞ்சம் ஆண் பூ, தண்டின் நடுவில் கிளம்பும் கதிர் பெண் பூ. கதிர் நுனியில் தொங்கும் முடியில் ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. அந்த இழையில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி உருவாகும். விழாவிட்டால் அந்த இடம் காலி. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்று. அதிலும் ஒரு செடியின் குஞ்சம் பெரும்பாலும் அதே செடியின் முடி வெளிவருவதற்கு முன்பே மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கிவிடும். அதனால் அக்கம்பக்கத்துச் செடிகளின் தயவு வேண்டும். வேலி ஓரத்து ஒற்றை வரிசையில் அந்தத் தூள் பாதிக்குமேல் தெருவுக்குத்தான் போகும்.

சதுரமாக நடுங்கள். நான்குக்கு நான்கு, பதினாறு செடி. செடிக்குச் செடி ஓர் அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. மண் தரை இல்லையென்றால் பெரிய பாலிபேக்குகளை நெருக்கி அடுக்கினாலும் போதும். பூக்கும் நாள்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு, ஈரம் உலர்ந்ததும், குஞ்சத்தைக் காகிதப் பைக்குள் வளைத்து உதறுங்கள். மஞ்சள் தூள் சேரும். அதை முடியின்மேல் தூவுங்கள். கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் வெளிவரும், நுனிப்பகுதி இழைகள் கடைசியில் வரும். நான்கைந்து நாள் தொடர்ந்து தூவினால்தான் நுனிவரை மணி நிரம்பும்.

நிறத்தின் கதையும் இந்த மகரந்தத்தில்தான் இருக்கிறது. ஒரு நீல மணியை இரவு ஊறவைத்து, காலையில் நகத்தால் தோலை உரித்துப் பாருங்கள். தோல் கண்ணாடித்தாள் போல நிறமின்றிக் கழன்று வரும். அதற்கு அடியில், ஒரே ஓர் உயிரணு கனமுள்ள படலத்தில்தான் நீலம் முழுவதும் தங்கியிருக்கிறது. அதற்கும் உள்ளே வெள்ளை அல்லது மஞ்சள் மாவு. வெளித்தோல் தாய்ச்செடிக்குச் சொந்தம். அதில் சிவப்பு இருந்தால் கதிர் முழுவதும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் படலமோ தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தது. எந்தச் செடியின் தூள் வந்து விழுந்ததோ அதற்கேற்ப மணிக்கு மணி நிறம் மாறும். ஒரே கதிரில் நீலமும் ஊதாவும் மஞ்சளும் கலந்து நிற்பது இதனால்தான். சில மணிகளில் தெறித்த மாதிரிப் புள்ளிகள் இருக்கும். அப்படிப்பட்ட மணிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துதான், மரபணுத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவும் என்பதை பார்பரா மெக்லின்டாக் கண்டறிந்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இணையத்தில் எல்லாரும் பகிரும் 'கிளாஸ் ஜெம்' ரகமும் ஆய்வுக்கூடச் சரக்கு இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ல் பார்ன்ஸ் என்ற உழவர், தம் செரோக்கி முன்னோரின் சோளங்களைத் தேடிச் சேர்த்து, பொறுக்கிப் பொறுக்கி விதைத்து உருவாக்கியது அது. 2012இல் அதன் படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டில் இனிப்புச் சோளம் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தால், அவர்களுடைய கதிரில் இனிப்புக் குறைந்து மாவாகிவிடும். இரண்டு மூன்று வாரம் தள்ளி விதையுங்கள், மனஸ்தாபம் வராது.

அடுத்து, பருவம். நம் நாட்டில் வெப்பமும் பன்னிரண்டு மணி நேரப் பகலும் சேர்ந்து குளிர்நாட்டு ரகங்களைச் சீக்கிரம் பூக்கவைத்துவிடும். செடி குட்டையாக, கதிர் சிறியதாக வந்தால் மனம் தளர வேண்டாம். உண்மையான எதிரி, கதிர் காய வேண்டிய நேரத்தில் கொட்டும் மழை. நான் இருக்கும் பட்டர்வொர்த்தில் அக்டோபர் நடுவில் மேட்டுப்பாத்தியில் விதைத்தால், ஜனவரிக் கடைசியில், பினாங்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கதிர் காயும். கோலாலம்பூரில் மார்ச் கடைசியில் விதைத்தால் ஜூன், ஜூலையில் மழை சற்று விட்டுக்கொடுக்கும். முற்றியதா என்று பார்க்க நடுக்கதிரிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கி அதன் அடிமுனையைச் சுரண்டுங்கள். கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் செடி அந்த மணிக்கு உணவு அனுப்புவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அதற்குமேல் செடியில் விட்டுவைத்து மழைக்குக் கொடுக்காதீர்கள். உடனே ஒடித்து, மட்டையைப் பின்னுக்கு மடித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த மணிகளை இரக்கமில்லாமல் வீசிவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது.

படைப்புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் மலேசியாவுக்குள் வந்தது அது. நடுக்குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. பதினாறு செடிதானே, காலையில் குருத்தை விரித்துக் கையால் எடுத்துவிடலாம்.

சமையலுக்கு வருகிறேன். கடினமான சோளத்தைப் பக்குவப்படுத்தும் வித்தை மெக்சிகோவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருள் நம் வெற்றிலைத் தட்டில் இருக்கிறது: சுண்ணாம்பு. வாசனையோ நிறமோ சேர்க்காத, உண்ணும் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. பினாங்குக் கடைத்தெருவில் வெற்றிலை விற்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். அரைக் கிலோ மணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள், அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதித்ததும் மூடி இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் குழாய்த் தண்ணீரில் கசக்கினால் தோல் வழுவழுவென்று கழன்று ஓடும். நான்கைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரிலேயே தண்ணீர் குறைவாகத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். அந்த மாவைத் தட்டிச் சூடான தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் சுட்டால் ரொட்டி. ஊறவைத்த கடலைப்பருப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து அரைத்தால் அருமையான அடை.

சுண்ணாம்பில் போட்டதும் நீலம் பச்சையாகவோ சாம்பலாகவோ மாறும். பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை. அந்த நிறமி புளிப்பில் சிவக்கும், சுண்ணாம்பு போன்ற காரப்பொருளில் பச்சையாகும். பிசைந்த மாவில் சிறிது எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே இளஞ்சிவப்பாகும். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சுண்ணாம்புப் பக்குவத்தில் இன்னொரு நன்மை, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே, ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவி ஏராளமானோர் இறந்தார்கள். பழங்குடி மக்களிடமிருந்து தானியத்தை வாங்கிக்கொண்டவர்கள் அவர்களுடைய அறிவை வாங்கிக்கொள்ளவில்லை.

கிளாஸ் ஜெம் என்றால் நன்கு காய்ந்த மணியைப் பொரிக்கவும் செய்யலாம். ஆனால் பொரி வெள்ளையாகத்தான் வரும். நிறம் மேலடுக்கில்தானே இருக்கிறது, உள்மாவு வெடித்து வெளியே வந்துவிடுகிறது.

அவித்துக் கடிக்கத்தான் ஆசை என்றால் ஊதா நிற 'ஜாகோங் பூலுட்' விதையைத் தேடுங்கள். பிஞ்சிலேயே நிறம் ஏறும், அவித்தால் பூலுட் என்ற ஒட்டும் அரிசி போல இருக்கும். வண்ணச் சோளம் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். இதுவும் மாவுச்சத்துதான், சர்க்கரை உள்ளவர்கள் சோற்றைப் போலவே அளவு பார்த்து உண்ண வேண்டும்.

வெளிநாட்டு விதையைத் தபாலில் வரவழைக்க மாகிஸ் என்ற அரசுத் தொற்றுத்தடுப்பு, சோதனைத் துறையின் அனுமதி வேண்டும். அந்தச் சிரமம் உங்களுக்கு இல்லை அக்கா, கையில் இருக்கும் கதிரில் மணி இருக்கிறதே. அவிக்காத கதிர் மிச்சம் இருந்தால், நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை பல கதிர்களிலிருந்து கலந்து விதையுங்கள். ஒரே கதிர் விதையைத் திரும்பத் திரும்ப விதைத்தால் சில தலைமுறையில் செடி நலிந்துவிடும். தெரிந்த இரண்டு மூன்று வீடுகளுக்கும் கொடுத்து, ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளுங்கள்.