அஞ்சலை அரங்கமும் தீவின் காற்றும்

[காட்சி: கரும்பு வயல்களுக்கு நடுவே தெரியும் விளையாட்டரங்கம்]

மொரீசியசின் வடபகுதியில், பாம்ப்ளமூஸ் மாவட்டத்துப் பெல் வூவில், 1991இல் திறக்கப்பட்ட அஞ்சலை அரங்கம் இருக்கிறது. 1943 செப்டம்பர் 27 அன்று, வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தோட்டத் தொழிலாளர்மீது போலீசார் சுட்டபோது, கருவுற்றிருந்த நிலையில் உயிரிழந்த அஞ்சலை கூப்பனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 15,000 பேர் கொள்ளும் இத்தகைய அரங்கைத் தீவில் கட்டுவோர் முதலில் கணக்கிட வேண்டியவை வெயிலும் காற்றும்தான்.

[காட்சி: திடலின் வரைபடம், திசைக்குறியுடன்]

105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துத் திடலை வடக்கு தெற்காக அமைப்பதே வழக்கம். கிழக்கு மேற்காக அமைத்தால், மாலை ஆட்டத்தில் ஒரு கோல் காப்பாளரின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும். அதே காரணத்தால், முதன்மைப் பார்வையாளர் மாடம் மேற்குப் பக்கம் அமைந்தால் வெயில் முதுகுப்புறம் விழும். ஆனால் வெயிலுக்கு ஏற்ற இத்திசை காற்றுக்கு ஏற்றதன்று. மொரீசியசில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்குக் காற்று என்பதால், கிழக்கு நோக்கித் திறந்திருக்கும் மாடத்துக்குள் அது சாரலோடு நுழையும்.

[காட்சி: கூரையின் குறுக்குவெட்டுப் படம்]

புயற்காலத்தில் நிலைமை இதனினும் கடுமையானது. நம்மவர் தைப்பூசக் காவடி எடுக்கும் தை மாதமும் அதையடுத்த மாசியும்தாம் இத்தீவில் புயல் எச்சரிக்கைக்கும் உரிய காலம். 1975 பிப்ரவரியில் தாக்கிய ஜெர்வேஸ் புயலில் காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 280 கிலோமீட்டர் வேகத்தில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 380 கிலோ எடைக்குச் சமம். கூரைத் தகடோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவே எடையுள்ளது. முன்புறம் தூண் இன்றி நீண்டிருக்கும் கூரையைக் கீழிருந்து காற்று தள்ளும், மேலிருந்து உறிஞ்சும். எனவே, கூரையைத் தாங்குவதைக் காட்டிலும் அதைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதே பொறியாளரின் பெரிய கவலை. பின்புறத் தூண்களையும் அவற்றின் அடித்தளத்தையும் இழுவிசைக்காகவே கனமாகக் கட்ட நேரிடுகிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஒவ்வோர் ஆணியும் இக்கணக்கைக் கெடுத்துவிடும்.

இதே தென்கிழக்குக் காற்று நடுமேட்டில் ஏறும்போது மழையாகிறது. ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்திலுள்ள க்யூர்பிப்பின் ஐந்தாம் ஜார்ஜ் அரங்கத்துக்கு வடிகால்தான் முதற்கவலையாக இருக்க முடியும். வறண்ட வடக்கிலுள்ள பெல் வூவுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை.

[காட்சி: ஓடுபாதையின் அளவுப் படம்]

அஞ்சலை அரங்கில் தடகள ஓடுபாதையும் உண்டு. எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் பாதையைத் திடலைச் சுற்றி வரைந்தால், பக்கவாட்டில் இருப்பவர் எல்லைக்கோட்டிலிருந்து 12 மீட்டர் விலகுவார். கோலுக்குப் பின்னால் இருப்பவரோ குறைந்தது 36 மீட்டர் விலகுவார். கால்பந்து ரசிகருக்கு இது பெரிய இழப்புதான். எனினும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அரங்கம் கட்டச் சிறிய தீவால் இயலாது. இவ்வளவு செலவு பிடிக்கும் கூரையை, நிழலும் அண்மையும் ஒருங்கே கிடைக்கும் மேற்கு மாடத்துக்கு மட்டும் போடுவதே அறிவுடைமை என்று எனக்குத் தோன்றுகிறது.